காணாமற்போன பிள்ளை வேஷம்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு நாடகத்தில்தான் நடித்தேன். அந்த வேஷமும் எனக்கென்று வைத்த வேஷம் அல்ல. அதைப் பழகிய பிள்ளை நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனதால் எனக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து ஆட்களைத் திடுக்கிட வைக்கிற கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், மாதா கோயிலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் இருந்தது. மற்ற நாட்களில் அங்கே கல்யாணச் சாப்பாடும் பங்குக் கூட்டமும் நடக்கும். சித்திரை விடுமுறை வந்தால் அது நாடக மண்டபம். தவக்காலத்தில் ஆட்டம் பாட்டம் கூடாது என்பதால், உயிர்த்த ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்து, அது கழிந்த கையோடு தொடங்குவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஒவ்வொரு பின்னேரமும் நாடகம். பெரியவர்கள் விடிய விடியக் குந்தியிருந்து பார்க்கிற கூத்து அல்ல இது. பிள்ளைகளுக்கென்றே எழுதி, இருட்டுவதற்குள் முடித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிற நாடகம்.

சனம் அள்ளுப்பட்டு வரும். துறைமுகக் கந்தோர்களில் வேலை செய்கிற அப்பாக்கள் காதில் செருகிய பென்சிலோடு நேரே வந்துவிடுவார்கள். கிராண்ட்பாஸ் முஸ்லிம் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளை ஒரு பட்டாளமாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மட்டக்குளியிலிருந்து மீன்பிடிக்கிற குடும்பங்கள் நடந்தே வரும். பக்கத்து வளவுச் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாக விளங்காது. ஆனால் எங்கே கத்தவேண்டும் என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் முன்னால் பாயில், பெரியவர்கள் பின்னால் நீள மர வாங்கில். பகல் வெளிச்சத்தை மறைக்க யன்னல்களுக்குச் சாக்குக் கட்டிவிடுவார்கள். சித்திரை வெயில், தகரக் கூரை, சாக்குக் கட்டிய யன்னல். உள்ளே எல்லோரும் அவிந்துகொண்டிருப்போம். அப்படியிருந்தும் பாதியில் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

நாடகங்களை எழுதிப் பழக்கியவர் சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த ஒருவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நல்ல மனுஷன், முன்கோபி, தன் சட்டதிட்டங்களில் விசர் பிடித்தவர். நடிக்கிற பிள்ளை நாடகத்தின் முடிவை வீட்டில் சொல்லக்கூடாது. பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது. கோயில் வாசலில் நிறுத்திச் சிலுவை அடையாளம் போட வைத்துச் சத்தியம் வாங்குவார். முடிவு தெரிந்துவிட்டால் வீட்டு ஆட்கள் எதற்காக வரப்போகிறார்கள் என்பது அவர் நியாயம். உடுப்புக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். வேஷத்துக்கு வேண்டிய உடுப்பை அந்தந்தப் பிள்ளையின் வீட்டில்தான் தைக்கவேண்டும். தைத்து முடிந்துவிட்டால் அது பிள்ளையின் உடுப்பு அல்ல, வேஷத்தின் உடுப்பு. வேஷம் கைமாறினால் உடுப்பும் கைமாறவேண்டும். ஒரு வருஷம் யாரோ ஒரு தாய் கோபித்துக்கொண்டு ராசாவின் உடுப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். அதன்பிறகு வந்த சட்டம் இது.

பெண்கள் மேடை ஏறக்கூடாது என்பது மட்டும் மாஸ்டரின் சட்டம் அல்ல, பங்குச் சுவாமியாருடையது. சின்னப் பெண்பிள்ளைகள் ஏறலாம். ஆகவே நாடகத்தில் அம்மா வேஷத்தை, துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கிற ஒரு மாமா போட்டார். சித்திரை பிறந்தால் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டுவார். "இந்த மனுசன் என்னைவிட வடிவாக் கட்டுது" என்று அவருடைய மனைவி ஊரெல்லாம் முறைப்பட்டுக்கொண்டு திரிவார்.

அந்த வருஷத்து நாடகம் சுலபமானது. ஒரு அம்மாவும் மகளும் காட்டோரத்தில் குடியிருக்கிறார்கள். மகள் விளாம்பழம் பொறுக்கக் காட்டுக்குள் போகிறாள். அங்கே ஒரு பூதம் அவள்மேல் மந்திரம் போட்டுவிடுகிறது. இனி அவள் பெரியவர்களின் கண்ணுக்குத் தெரியமாட்டாள். பிள்ளைகளின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். அம்மா தேடி வருகிறாள். மகள் பக்கத்திலேயே நிற்கிறாள், அம்மாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் அம்மா மண்டபத்தைப் பார்த்துக் கேட்கிறாள்: "பிள்ளையள், என்ர பிள்ளையைக் கண்டியளோ?"

அவ்வளவுதான், தகரம் அதிரும். "அந்தா! அங்க நிக்கிறா!" என்று எங்கள் பிள்ளைகள் கத்துவார்கள். "அந்தா ஈக்கிறா!" என்று கிராண்ட்பாஸ் பிள்ளைகள். "அன்ன! அதன!" என்று சிங்களப் பிள்ளைகள். அம்மா திரும்புவதற்குள் மகள் அட்டையில் வெட்டிய மரத்துக்குப் பின்னால் போய்விடுவாள். மறுபடி கேள்வி, மறுபடி கூச்சல். பாயில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிப்போகும்.

பெப்ரவரியில் நாடகத்தைப் பழக்கத் தொடங்கினார்கள். மகள் வேஷம் தெருமுனை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. என் வயதுதான் அவளுக்கும். சிநேகிதி என்று சொல்லமுடியாது. ஞானோபதேச வகுப்பில் எனக்கு முன் வாங்கில் இருப்பாள்; முகத்தைவிட அவளுடைய சடையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். விபூதிப் புதன் வந்ததும் பழக்குவது நின்றது. தவக்காலத்தின் நடுவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. குருத்தோலை ஞாயிறுக்கு முன்னரே மாதம்பிட்டிச் சவக்காலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லை.

தவக்காலத்தில் யாருக்கும் நாடகத்தின் நினைப்பு வராது. உயிர்த்த ஞாயிறு வந்து, சாக்குகளை வெளியே எடுத்துத் தட்டும்போதுதான் மகள் வேஷத்துக்கு ஆள் இல்லை என்பது மாஸ்டருக்கு உறைத்தது. பூசை முடிந்து வந்த எங்களை வாசலில் மறித்தார்.

"தங்கச்சி, உனக்குச் சத்தம் வருமே?"

"வரும் மாஸ்டர்."

"கெதியாப் பாடமாக்குவியே?"

"ஓம்."

அம்மா என் கையைப் பிடித்தார். "அது அந்தப் பிள்ளைக்கு வைச்ச வேசமெல்லே..." என்று இழுத்தார்.

"வேசத்துக்கு ஒரு ஆள் வேணும், அக்கா. நாடகம் நிண்டால் இவ்வளவு பிள்ளையளும் எங்க போறது?" என்றார் மாஸ்டர். அப்பா தலையாட்டிவிட்டார்.

வேறு யாராவது என்றால் நாலு முழத் துணி வாங்கி எனக்குப் புதிதாக ஒன்று தைத்திருப்பார்கள். எங்கள் மாஸ்டர் சட்டப்படி அந்த வீட்டுக்குப் போய் உடுப்பைக் கேட்டார். முப்பத்தோராம் நாள் பூசைகூட இன்னும் ஒப்புக்கொடுக்கவில்லை. வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்த நாடகச் சட்டை..." என்றாராம். பிள்ளையின் அப்பா கதவைச் சாத்தப் பார்த்தார். அவளுடைய அம்மாதான் உள்ளே போய் எடுத்து வந்தார். கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நான் வந்து பாக்கலாம்தானே?" இதை மாஸ்டரே பிறகு என் அப்பாவிடம் சொன்னார். அந்த மனுஷனுக்கு அறிவு எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அவருக்கு அது ஒரு குற்றமாகவே படவில்லை. உடுப்பு வேஷத்தினுடையது, அவ்வளவுதான்.

இளநீலச் சட்டை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கீழ் விளிம்பில் ஒரு அகலமான மடிப்பு வைத்துத் தைத்திருந்தது. பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம் என்று வைத்த மடிப்பு. நான் அவளைவிட உயரம். சட்டை எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. மண்டபத்துப் பெட்டியில் கிடந்த ஏதோ பழைய உடுப்பு என்று நினைத்தார். மடிப்பை அவிழ்த்து அயன் பண்ணிக்கொண்டே, "ஆர் தைச்சதோ, நல்லா யோசிச்சுத் தைச்சிருக்கினம்" என்று மெச்சினார். அது யாருடைய சட்டை என்று எனக்கு முதல் நாளே பூத வேஷக்காரப் பிள்ளை சொல்லிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேஷம் போய்விடும்.

பழகிய நாட்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்த நாட்களில் நான் தனியாக மேடையில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் அவளோடு பழகியவர்கள். பூதம் என்னைப் பிடிக்கக் கையை நீட்டினால் கை என் தோளுக்குக் கீழே போகும். அவளுடைய தோள் இருந்த உயரம் அது. அட்டை மரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மண்டபத்தை ஒளித்திருந்து பார்க்க அவள் பென்சிலால் குத்தியது. நான் பார்ப்பதானால் குனியவேண்டும். குனிந்து கண்ணை வைக்கும்போது, இப்போதுதான் ஒருத்தி கண்ணை எடுத்துவிட்டு எனக்கு இடம் விட்டாள் என்று தோன்றும். மாஸ்டருக்குக் கோபம் வந்தால் என் பெயர் மறந்துவிடும். அவள் பெயரைச் சொல்லி, "இன்னும் முன்னுக்கு வா!" என்று கத்துவார். நான் முன்னுக்கு வந்துவிடுவேன். அந்தப் பெயருக்கு நான் அப்படிச் சட்டென்று திரும்பினேனே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நாடகத்தன்றே அந்த மாமி, செத்த பிள்ளையின் அம்மா, வந்தார். கறுப்புச் சேலை. கதவுக்குப் பக்கத்து வாங்கில், ஓரத்தில் இருந்தார். நான் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. பூதம் வழுக்கி விழுகிற இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் நான் பேசத் தொடங்கியதும் அவருடைய வாயும் அசைந்தது. என்னுடைய வசனம் எல்லாம் அவருக்குப் பாடம். மகள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியதைக் கேட்டுக் கேட்டு வந்த பாடம். காட்டுக்குள் போகிற இடத்தில் எனக்கு ஒரு வரி மறந்துவிட்டது. மாஸ்டர் உள்ளே இருந்து கிசுகிசுத்தது காதில் விழவில்லை. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். மாமியின் வாயிலிருந்துதான் அந்த வரியைப் பிடித்தேன்.

பிறகு, "பிள்ளையள், என்ர பிள்ளையைக் கண்டியளோ?" என்று மேடை அம்மா கேட்டதும், மண்டபம் கத்தத் தொடங்கியதும், மாமி எழுந்தார். கதவைத் திறந்தார். ஒரு துண்டு வெயில் உள்ளே வந்துவிட்டுப் போனது. மறுநாளும் வந்தார், மறுநாளும் அந்த இடத்திலேயே எழுந்து போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள், மண்டபம் முழுவதும் என்னைக் காட்டிக் கத்திக்கொண்டிருக்கும்போது, பாயில் இருந்த ஒரு சின்னஞ்சிறிசு மட்டும் மேடையின் மற்றப் பக்கத்து மரத்தைக் காட்டி, "அந்தா! அந்தா!" என்று துள்ளியது. அங்கே ஒருவரும் இல்லை. அந்த வயதுப் பிள்ளையின் விரல் எங்கே போகும் என்று யாரால் சொல்லமுடியும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நாடகம் முடியும்வரை நான் அந்த மரத்தடிக்குப் போகவில்லை. இப்போது வெள்ளவத்தையில் மாடி வீடொன்றில் இருக்கிறேன். பின்னேரங்களில் கீழே பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடி "அந்தா!" என்று கத்தினால், நான் யன்னல் பக்கம் போவதில்லை.

அம்மாவுக்கு விஷயம் ட்ராமில் வைத்துத் தெரிந்தது. கிராண்ட்பாஸில் ஏறிய ஒரு மனுசி, "உங்கட பிள்ளையே அந்தச் செத்த பிள்ளையின்ர சட்டையைப் போட்டு ஆடுறது?" என்று கேட்டுவிட்டார். அம்மா வீட்டுக்கு வரவில்லை, நேரே மண்டபத்துக்கு வந்தார்.

"மாஸ்டர், உங்களுக்கு நெஞ்சில ஈரம் இல்லையே? அந்த மனுசியிட்டப் போய் வாங்கி என்ர பிள்ளைக்குப் போட்டிருக்கிறியள்!"

"உடுப்பு வேசத்தின்ர, அக்கா."

"வேசத்தையும் உடுப்பையும் நீங்களே வைச்சிருங்கோ. என்ர பிள்ளையைத் தாங்கோ. அந்த மனுசி ஒவ்வொரு நாளும் வந்து இவவைப் பாத்துக்கொண்டு இருக்கிறாவாம். ஏன் எண்டு உங்களுக்கு விளங்கேல்லையே?"

அம்மாவுக்கு விளங்கியது இதுதான்: தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொருத்தியின் பிள்ளையைக் கண்ணால் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள். அப்பா வந்து சமாதானம் பேசினார். விடுமுறை முடிகிறது, இன்னும் கொஞ்ச நாள்தானே என்றார். அம்மா ஒரு நிபந்தனையோடு அடங்கினார். மந்திரித்த மாதா பதக்கம் ஒன்றைச் சட்டையின் உள்பக்கம் ஊசியால் குத்திவிட்டார். அன்றிலிருந்து நாடகத்துக்கும் வந்தார். ஆனால் நாடகத்தைப் பார்க்க அல்ல. மாமிக்கு நேர் பின் வாங்கில் இருந்துகொண்டு அவருடைய முதுகையே பார்த்தபடி இருப்பார்.

கடைசி நாளுக்கு முதல் நாள், நாடகம் முடிந்து, நான் மண்டபத்துக்குப் பின்னால் கிணற்றடியில் முகத்துப் பவுடரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமி அங்கே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து போனவர் வீட்டுக்குப் போகாமல் அவ்வளவு நேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். எனக்கு ஓடவேண்டும் போல் இருந்தது. ஆனால் கிட்டத்தில் பார்த்தால் அவர் பயப்படுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. களைத்துப்போன ஒரு அம்மா, அவ்வளவுதான். எனக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது, கேட்டுவிட்டேன்.

"மாமி, நீங்கள் ஏன் ஒவ்வொரு நாளும் பாதியில போறியள்?"

"போக வாறதில்லை, பிள்ளை. முடிவைப் பாக்கத்தான் வாறனான். அந்தச் சத்தம் தொடங்கினவுடன என்ர கால் என்னை வெளியில கொண்டுபோகுது."

தண்ணீர் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அவ எனக்கு எல்லாம் செய்து காட்டினவ. பூதம் மாதிரிக் கதைப்பா, அம்மா மாதிரிக் கதைப்பா. முடிவு மட்டும் சொல்லேல்ல. மாஸ்டரிட்டச் சத்தியம் பண்ணினதாம். காய்ச்சலோட கிடக்கேக்கயும் கேட்டனான். அந்தத் தாய் பிள்ளையை எப்பிடியம்மா கண்டுபிடிக்கிறா எண்டு. வந்து பாருங்கோவன் எண்டவ."

"நான் சொல்லட்டே, மாமி?"

அவருடைய உள்ளங்கை சட்டென்று என் வாயை மூடியது. "வேண்டாம். வந்து பாக்கச் சொன்னவ. நாளைக்குக் கடைசி. நான் இருந்து பாக்கவேணும்."

கையை எடுத்துவிட்டு, குனிந்து, சட்டையின் விளிம்பைத் தொட்டார். "மடிப்பை அவிட்டிட்டியள்."

"அம்மா அவிட்டவ."

"நல்லது" என்றார். அதை ஒருதரம் தடவிவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு பாயில் படுத்துக்கிடந்து யோசித்தேன். மாஸ்டர் ஒரு நாடகத்தை இரண்டாவது வருஷம் போடமாட்டார். நாளைக்கும் மாமியின் கால் அவரை வெளியே கொண்டுபோய்விட்டால், அந்தத் தாய் பிள்ளையை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. இருக்கவேண்டும், கடைசிவரை இருந்துவிடவேண்டும் என்று ஒரு முழுச் செபமாலை சொன்னேன். எனக்காக நான் அவ்வளவு உருக்கமாகச் செபித்ததில்லை.

மாஸ்டர் காலமாகி எத்தனையோ வருஷம். சத்தியத்துக்கும் வயதாகிவிட்டது. முடிவைச் சொல்கிறேன். தேடிக் களைத்த அம்மா நிலத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அப்போது அவளுக்கு ஒன்று படுகிறது. தன்னை ஏமாற்றுவது தன் கண்தான். கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். "பிள்ளையள், நீங்கள் வழி சொல்லுங்கோ, நான் வாறன்" என்கிறாள். கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறாள். மண்டபத்துப் பிள்ளைகள் கத்தி வழி காட்டுகிறார்கள். அம்மாவின் கை மகளின் முகத்தில் படுகிறது, மந்திரம் உடைகிறது. அதோடு நாடகம் முடியும்.

கடைசி நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் பங்குச் சுவாமியாரும் வந்து இருந்தார். மாமி தன் வழக்கமான இடத்தில். அவருக்குப் பின்னால் அம்மா. அந்தக் கேள்வி வந்தது. கூச்சல் எழுந்தது. நான் அட்டை மரத்துக்குப் பின்னால் குனிந்து, ஓட்டையில் கண்ணை வைத்தேன். மாமி வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். எழவில்லை. கூச்சல் ஏறியது, அடங்கியது, மறுபடி ஏறியது. அவர் எழவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மேடை அம்மா நிலத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "நீங்கள் வழி சொல்லுங்கோ, நான் வாறன்" என்றார். பிள்ளைகள் கத்தினார்கள்: "முன்னுக்கு! முன்னுக்கு! இந்தப் பக்கம்!"

அப்போது மாமி எழுந்தார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. மேடைப் பக்கம் திரும்பினார். அவருடைய கண்களும் மூடியிருந்தன. கையை முன்னால் நீட்டிக்கொண்டு வாங்குகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். வாங்கின் கால் தடக்கி விழப்போனபோது பின்னால் இருந்த என் அம்மா எழுந்து அவருடைய முழங்கையைப் பிடித்தார். இழுத்து நிறுத்தத்தான் பிடித்திருப்பார். ஆனால் நிறுத்தவில்லை. பாய் தொடங்குகிற இடம்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டார்.

பாயில் இருந்த பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு அம்மா வந்தால் வழி காட்டவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். கால்களை மடக்கி வழி விட்டார்கள். "நேர வாங்கோ! படி இருக்கு, கவனம்!" என்று அவருக்கும் கத்தினார்கள். மேடையில் அம்மா வேஷம் போட்ட மாமா சத்தம் பிரிவதைக் கேட்டுக் கண்ணைத் திறந்தார். பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார். சுவாமியார் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மாமி படி ஏறினார். நான் மரத்துக்கு வெளியே வந்து நின்றேன். பிள்ளைகள் வழி காட்டக் காட்ட, நீட்டிய கை என்னிடம் வந்தது. முதலில் தலைமயிர். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம். தோளைத் தேடிய கை கீழே இறங்கி, இல்லாத ஒரு தோளைத் தடவிவிட்டு, மேலே ஏறி என் தோளைப் பிடித்தது. இந்த இடத்தில் மேடை அம்மா அணைத்துக்கொள்ளவேண்டும். மண்டபமும் அதற்குத்தான் காத்திருந்தது.

"இது அவ இல்லை" என்றார் மாமி.

அழுகைக் குரல் இல்லை. ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். கண்ணைத் திறக்கவில்லை. என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, என்னை மண்டபத்துப் பக்கம் விட்டார். "இவ நல்ல பிள்ளை. இவவின்ர அம்மா அங்க இருக்கிறா" என்றார். பிறகு மூடிய கண்ணோடு பாயைப் பார்த்துக் கேட்டார்: "என்ர பிள்ளையைக் கண்டியளோ? பெரிய ஆக்களுக்குத்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே." மகளின் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன்.

கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆளை ஆள் பார்த்தார்கள். அப்புறம் பாயின் நடுவிலிருந்து ஒரு சின்னக் குரல், "அப்ப எங்க?" என்றது. கேட்ட பிள்ளை எழும்பிப் பாயைத் தூக்கிப் பார்த்தது. பக்கத்துப் பிள்ளையும் எழும்பியது. பிறகு எல்லாப் பிள்ளைகளும். வாங்குகளுக்குக் கீழே பார்த்தார்கள், திரைக்குப் பின்னால் பார்த்தார்கள், சாக்குகளை விலக்கி யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெயில் உள்ளே விழுந்தது. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விளையாட்டாக ஒருவரும் தேடவில்லை. பெரியவர்களில் ஒருவரும் அசையவில்லை, மாஸ்டரும் அசையவில்லை.

நானும் இறங்கினேன். மேடைக்குக் கீழே புகுந்து, அவளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அங்கே ஒரே இருட்டு. "ஓம்" என்று ஒரு குரல் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். என் தலைக்கு மேலே பலகை இடுக்கில் மாமியின் கால்கள் தெரிந்தன. அவரும் அந்தக் குரலுக்குத்தான் காத்துக்கொண்டு நின்றார்.